‘நோ மேன்ஸ் லேண்ட்’ பார்த்துச் சிரித்தோம், இப்போது மனசு உறுத்துகிறது

வேலந்தாவளம் வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் வெளிநாட்டுப் படம் போடுகிறோம். மலையாள சப்டைட்டில் எப்படியும் கிடைத்துவிடும், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், வயதானவர்களுக்கு எழுத்து ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. அதனால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். மூன்று வருடமாக இதைச் செய்கிறேன்.

போன ஞாயிறு போட்டது ‘நோ மேன்ஸ் லேண்ட்’. டானிஸ் தானோவிச் இயக்கி 2001இல் வந்த போஸ்னியப் படம். 2002 ஆஸ்கரில் ‘லகான்’ தோற்றது இந்தப் படத்திடம்தான். அதைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தேன். லகானையே தோற்கடித்த படம் என்றால் அப்படி என்னதான் இருக்கிறது என்று நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், பெஞ்சு போதாமல் திண்ணையிலும் உட்கார்ந்தார்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், முடிவையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1993, போஸ்னியப் போர். பனிமூட்டத்தில் வழி தவறிய ஒரு போஸ்னியக் குழு, விடிந்து பார்த்தால் செர்பியர்களின் துப்பாக்கிக்கு நேர் எதிரே நிற்கிறது. தப்பிய ஒருவன், பெயர் சிக்கி, இரண்டு படைகளுக்கும் நடுவில் யாரும் பிடிக்காமல் கிடக்கிற பதுங்குகுழியில் விழுகிறான். அங்கே நீனோ என்ற செர்பியனும் அவனிடம் மாட்டுகிறான். மூன்றாவது ஆள் செரா. அவன் செத்துவிட்டான் என்று நினைத்து, பிணத்தைத் தூக்க வருகிறவர்கள் சாகட்டும் என்று அவன் முதுகுக்கு அடியில் ஒரு கண்ணிவெடியை வைத்துவிட்டார்கள். அவனுக்கு உயிர் இருக்கிறது, கண் விழிக்கிறான். எழுந்தால் வெடி மேலே குதித்து எல்லோரையும் கொல்லும். படம் முழுக்க அவன் மல்லாந்து படுத்தே கிடக்கிறான்.

இதில் சிரிப்பு எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. சண்டையை யார் தொடங்கியது என்று சிக்கியும் நீனோவும் வாக்குவாதம் பண்ணுகிறார்கள், துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதை மற்றவன் ஒப்புக்கொள்கிறான், துப்பாக்கி கை மாறியதும் பதிலும் மாறுகிறது. இரண்டு பக்கமும் சுடாமல் இருக்க இருவரும் உடுப்பைக் கழற்றி, ஜட்டியோடு நின்று வெள்ளைத் துணியை ஆட்டுகிறார்கள். இரண்டு பக்கத்துக் காவல்காரர்களும் பைனாகுலரில் பார்த்துவிட்டு, இவன் நம்ம ஆளா அவர்கள் ஆளா என்று முழிக்கிறார்கள். அந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. ஐ.நா. அமைதிப்படைக்காரர்கள் வந்ததும் இன்னும் கூடிவிட்டது. ஒருவனுக்கு பிரெஞ்சு, ஒருவனுக்கு இங்கிலீஷ், குழியில் கிடப்பவர்களுக்கு இரண்டும் சரியாக வராது. தமிழ், மலையாளம், நடுவில் கொஞ்சம் தெலுங்கு என்று வளர்ந்த எங்களுக்கு அந்த வேடிக்கையை விளக்கவே வேண்டியதில்லை. பெரிய அதிகாரியிடம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்று வயர்லெஸ்ஸில் ஆள் மாற்றி ஆள் தள்ளிவிடும்போது, 2020 மே மாதம் வாளையாரில் பாஸ் இல்லாமல் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நின்றவர்கள் இரண்டு பேர், ‘இதே கதைதான், இதே கதைதான்’ என்று சத்தமாகச் சொன்னார்கள். அமைதிப்படைக்காரர்கள் நீல ஹெல்மெட் போட்டிருப்பார்கள், நான் அவர்களுக்கு ‘நீலச்சட்டி’ என்று பெயர் வைத்தேன். படம் முடிகிற வரைக்கும் குழந்தைகள் எல்லாம் நீலச்சட்டி வந்துட்டான் என்று கத்தினார்கள்.

முடிவு இப்படி. சிக்கி நீனோவைச் சுடுகிறான், ஐ.நா. வீரன் சிக்கியைச் சுடுகிறான். கண்ணியைக் கழற்ற வந்த ஜெர்மன்காரர் முடியாது என்று கையை விரித்துவிடுகிறார். கர்னல், செராவைக் காப்பாற்றிவிட்டதாகப் பத்திரிகைக்காரர்களிடம் பொய் சொல்லி எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். அவன் தனியாக அங்கேயே படுத்துக் கிடக்க, கேமரா மெதுவாக மேலே மேலே போகிறது. அவ்வளவுதான் படம்.

லைட்டைப் போட்டோம், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர், எண்பது வயதுக்கு மேல், நிலக்கடலை விவசாயம் பார்த்தவர், ஒரு மாதமும் தவறாமல் வருகிறவர், என் பக்கத்தில் வந்து, “சாகக் கெடக்கறவன் பக்கத்துல உக்கார வெச்சு எங்களச் சிரிக்க வெச்சுப்போட்டயே கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

நாலு நாளாக அதே யோசனை. இப்படிப்பட்ட படத்தைப் பொதுவில் போட்டது தப்பா? சிரித்தது தப்பா? போரைப் பற்றிய படம் என்றால் தொடக்கத்திலிருந்தே கனமாக இருப்பதுதான் மரியாதையா? படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் என்ன போடுவது என்று கமிட்டியில் கேட்கிறார்கள், எனக்கு வாய் வரவில்லை.

குடிபாலா சாப்பர் எழுதியது:

தங்கச்சி, நீங்களும் சித்தூர், நானும் சித்தூர், ஆனால் என்னுடையது ஆந்திராச் சித்தூர். வேலூர் எல்லையை ஒட்டி குடிபாலா பக்கம். ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் பிரிவில் 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், கண்ணிவெடி வைப்பதும் எடுப்பதும்தான் தொழில்.

அந்த ஆஸ்கர் 2002 மார்ச் 24ஆம் தேதி. அன்றைக்கு நான் ராஜஸ்தான் எல்லையில் இருந்தேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்த பிறகு ஆபரேஷன் பராக்ரம் என்று மொத்தப் படையையும் எல்லைக்கு நகர்த்தினார்கள் அல்லவா, அப்போது நாங்கள் வயல் வயலாகக் கண்ணி புதைத்தோம். ‘லகான்’ ஜெயிக்கும் என்று டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். தோற்றதும் எந்தப் படத்திடம் தோற்றது என்றுகூட யாரும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து மகன் இந்தப் படத்தைக் காட்டினான். கண்ணியின் மேல் படுத்திருக்கிறவன் கதை என்று தெரிந்ததும் பாதியில் எழுந்து போய்விட்டு, மறுநாள் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

முதலில் தொழில் விஷயம் ஒன்று. குதிக்கும் கண்ணியில் யூகோஸ்லாவியாவில் செய்த புரோம்-1 பேர்போனது, போஸ்னியாவில் நிறையப் புதைத்தார்கள். ஆனால் அந்த ரகம் மிதித்தாலோ கம்பி இழுபட்டாலோ கிளம்பிவிடும், மேலே இருக்கிற பாரம் விலகட்டும் என்று காத்திருக்காது. பாரத்தை எடுத்தால் வெடிக்கிற மாதிரி அடியில் தனி ஏற்பாடு செய்வது உண்டு, பிணத்துக்கு அடியில் வைப்பதும் போரில் நடப்பதுதான். படம் இரண்டையும் சேர்த்துவிட்டது. ஜெர்மன்காரர் கையை விரிக்கிற இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ‘முடியாது’ என்று சொல்லவேண்டி வந்த ஆளின் முகம் அப்படித்தான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கண்ணி புதைக்கிற ஆள் நாள் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டேதான் இருப்பான். வீட்டுக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் கிண்டல், சாப்பாட்டைப் பற்றிக் கிண்டல், சுபேதாரின் நடையைப் போல நடந்து காட்டுவது. கை மட்டும் நிதானமாக இருக்கும். எதிரிக்காகப் புதைத்த கண்ணியில் எங்கள் பையன்களே கால் இழந்தார்கள், உயிரும் போனது. அன்று ராத்திரி பேச்சே இருக்காது. மறுநாள் காலையில் யாராவது ஒருத்தன் வேண்டுமென்றே ஒரு வேடிக்கை பேசுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், வேலைக்குக் கிளம்புவோம். அந்தச் சிரிப்பு வராத நாளில் ஆஃபீசர்களே பயப்படுவார்கள், கை நடுங்குகிறவனைப் புதைகுழிப் பக்கம் விட மாட்டார்கள். அதனால் அந்தக் குழிக்குள் அவர்கள் பேசின வேடிக்கை எல்லாம் எனக்கு உண்மையாகப் பட்டது. பதுங்குகுழியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒருத்தன், ருவாண்டாவில் என்ன கொடுமை பாருங்கள் என்று வருத்தப்படுவானே, அதை எழுதியவர் முன்வரிசையில் இருந்திருக்கிறார் என்று அப்போதே நினைத்தேன். போடுங்கள் தங்கச்சி, இன்னொரு தடவையும் போடுங்கள்.

ஒலவக்கோடு எழுதியது:

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். நண்பரோடு பைக்கில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டு விஷயம், இரண்டும் கொஞ்சம் கசப்பு. மன்னியுங்கள்.

சாப்பர் சார் ஊகித்தது சரிதான். போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையின்போது தானோவிச் போஸ்னியப் படையோடு போய்ப் படம் பிடித்தவர். அந்த முற்றுகை 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரைக்கும் நடந்தது. 2012இல் அதன் இருபதாம் ஆண்டு நினைவுக்கு ஊரின் பெரிய தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்தார்கள், செத்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலி. மலை மேலிருந்து சுட்ட செர்பியர்களும் கீழே தண்ணீர் பிடிக்கப் போய்ச் செத்தவர்களும் ஒன்றா? யார் கையில் துப்பாக்கியோ அவன் சொல்வதே வரலாறு என்று காட்டும் அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும், அது ஆழமான காட்சி. ஆனால் அந்தப் போரைப் பற்றி வேறு எதுவும் தெரியாமல் பார்க்கிறவர், ‘ரெண்டு பேருமே கிறுக்கனுக’ என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவார். அன்று வாசலில் என் காதுபட அதே வார்த்தையைக் கேட்டேன். படம் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாம். லகான் கதைக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டீர்கள்.

அமைதிப்படையைப் பற்றி ஒரு வார்த்தை. அது மிகைப்படுத்தல் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரைப் பாதுகாப்புப் பகுதி என்று 1993இல் ஐ.நா.வே அறிவித்தது. 1995 ஜூலையில் அங்கே 8,000க்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்றார்கள். அமைதிப்படை அந்த ஊரில்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு திரும்ப அந்தக் கர்னலைப் பாருங்கள்.

இரண்டாவதுதான் உங்களுக்கு நேராகச் சொல்லவேண்டியது. அன்று எழுந்த சிரிப்பில் பாதி படத்துடையது, பாதி உங்கள் மைக்குடையது. கர்னலுக்கு ஒரு குரல், நிருபர் அம்மாவுக்கு ஒரு குரல், நீலச்சட்டி என்று ஒரு பெயர். நன்றாகவே செய்தீர்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் படத்தில் சிக்கியும் நீனோவும், பான்யா லூக்கா என்ற ஊரில் ஒரே பெண்ணைத் தெரிந்தவர்கள் என்று கண்டுபிடிக்கிறார்களே, அங்கே இருவரும் மெல்ல, கூச்சத்தோடு சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாதாரணப் பையன்களாகிவிடுவார்கள். நீங்கள் அதையும் கல்யாண வீட்டுக் கேலி மாதிரிச் சொன்னீர்கள், கூட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. எனக்கு அந்த இடம்தான் படத்தின் உயிர். பெரியவர் சொன்னது படத்தைப் பற்றியா, குரலைப் பற்றியா என்று அவரையே கேளுங்களேன்.

குளத்துப்புழை ரப்பர்க்காடு எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று. ஒலவக்கோடு சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நாற்பது பேரை ஒரு போஸ்னியப் படத்துக்கு உட்கார வைப்பது சும்மா இல்லை. அந்தப் பெரியவர் கடைசிவரை உட்கார்ந்தாரே, அது உங்கள் குரலால்தான்.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. 1964இல் சிலோன் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, தோட்டத்தில் வேலை செய்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள், அதில் எங்கள் அப்பாயியும், அப்பாவின் அம்மா, ஒரு எண்ணிக்கை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் புனலூர்ப் பக்கம் மறுவாழ்வுக்கென்று தொடங்கிய ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே வந்தால் சிலோன்காரன்.

அப்பாயி அந்தக் கதையைச் சொன்னால் சிரிக்காமல் கேட்க முடியாது. முகாமில் எழுதுகிறவர் சொந்த ஊர் எது என்று கேட்டாராம். பிறந்ததே சிலோன் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அவளுக்கு இந்தியாவில் எந்த ஊர் தெரியும்? தன் அப்பா எப்போதோ சொன்ன பெயரைச் சொல்லியிருக்கிறாள், அவர் காதில் விழுந்த மாதிரி எழுதிக்கொண்டார், அந்தப் பெயரில் எங்குமே ஊர் இல்லை. எங்கள் பழைய கார்டில் இன்னும் அந்த ஊர் இருக்கிறது. ‘இல்லாத ஊருக்கு ராணி’ என்று தன்னையே சொல்லிக்கொள்வாள், நாங்கள் புரண்டு புரண்டு சிரிப்போம். கப்பலில் வாந்தி எடுத்த மாமா, அம்மியைச் சேலைக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு வந்த சித்தி, ஒன்றை விடமாட்டாள். அப்படியே சொல்லிக்கொண்டே வந்து, முகாமில் காய்ச்சலில் போன சின்னக் குழந்தையிடம் வந்து நிற்பாள். அங்கே நிறுத்திவிடுவாள். நாங்களும் பேச மாட்டோம். மறுபடி ஒருநாள் கதை கேட்டால் திரும்பவும் இல்லாத ஊரிலிருந்துதான் தொடங்குவாள். நேராகக் குழந்தையிடம் போகச் சொன்னால் அவளால் போக முடியாது.

இந்தப் படம் பார்த்தபோது எனக்கு அப்பாயிதான் ஞாபகம் வந்தாள். அடிபட்டவர்களே சொல்கிற வேடிக்கை இது, தானோவிச்சும் அந்த மண்ணின் ஆள். வெளியிலிருந்து யாரோ வந்து நம் சாவை வைத்து வேடிக்கை பண்ணினால் எனக்குக் கோபம் வரும். அப்பாயி சொல்லும்போது சிரிக்காமல் இருந்தால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

வேலந்தாவளம் வாசகி திரும்ப எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஒலவக்கோடு சார், நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் வலித்தது, அப்புறம் போனில் பதிவு செய்திருந்ததை எடுத்து என் குரலைக் கேட்டேன். பான்யா லூக்கா இடத்தில் நீங்கள் சொன்னது சரி. நான் அவர்களைப் பேசவிடவில்லை. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிரிப்பை விட மனசில்லாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நீலச்சட்டியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படத்தில் போஸ்னியக்காரர்களே அவர்களை ஒரு கார்ட்டூன் பொம்மையின் பெயரைச் சொல்லித்தான் கேலி பண்ணுகிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். படம் போட்டது தப்பா தாத்தா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. அந்தப் பையனுக்கு யாராவது போய்த் தண்ணியாவது குடுத்திருப்பாங்களா என்று கேட்டார். சினிமாதானே தாத்தா என்றேன். தெரியும் கண்ணு, தெரியும் என்றார். அப்புறம் அடுத்த மாசம் என்ன படம், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கமிட்டியில் பேசி, அடுத்த மாதமும் இதையே போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இந்தத் தடவை மைக் இல்லை. தமிழில் சப்டைட்டில் நானே எழுதுகிறேன், பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் போகாமல். படிக்க முடியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து மெல்லச் சொல்லச் சொல்லலாம் என்று இருக்கிறோம். படத்துக்கு முன் சரயேவோவைப் பற்றிப் பேச ஒலவக்கோடு சார் வரவேண்டும், மறுக்காதீர்கள். குளத்துப்புழைத் தம்பி, இல்லாத ஊர்க் கதையை எங்கள் வாயனசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதித் தரமுடியுமா?

சாப்பர் அண்ணா, உங்களிடம் இரண்டு சந்தேகம். குதிக்கும் கண்ணியைத் தமிழ் வீரர்கள் தங்களுக்குள் என்ன சொல்வீர்கள்? இன்னொன்று, அசையாதே, அப்படியே கிட என்று சிக்கி செராவிடம் சொல்கிறான். நான் அன்று ‘டேய், அசையாதடா’ என்று சொன்னேன். கேட்டுப் பார்த்தால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது.

குடிபாலா சாப்பர் எழுதியது:

ஜம்பிங் மைன் என்றுதான் சொல்வோம், வேறு பெயர் கிடையாது. ஜம்பிங் மைன் என்றே போடுங்கள், ஒரு தடவை படத்தில் பார்த்துவிட்டால் புரிந்துவிடும்.

இரண்டாவதற்கு, ‘டேய்’ வேண்டாம். மெட்ராஸ் சாப்பர் ஆளைப் படை முழுக்கத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள், எந்த ரெஜிமெண்டுக்குப் போனாலும் எங்களுக்கு அதுதான் பெயர். எங்களுக்குள்ளும் அப்படித்தான். கண்ணிப் பக்கம் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் சத்தம் போட மாட்டோம், குரலை இறக்கித்தான் பேசுவோம். ‘தம்பி, அசையாத. நான் இங்கதான் இருக்கேன்’ என்று போடுங்கள். இரண்டு வரியாகப் பிரித்துப் போட்டால் படிக்க நேரம் கிடைக்கும்.